கஞ்சி கொண்டு வரும் தம்பி

சூடா இருக்கும்மா, பாத்துப் பிடிங்க. டம்ளரை விளிம்புல பிடிங்க. துவையல் வேணுமா? தேங்காயும் பொரிகடலையும்தான், காரம் கிடையாது. உள்ள டயாலிசிஸ் மிஷின்ல கிடக்கிறது உங்க வீட்டுக்காரரா? நாலு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் இந்த பெஞ்சுதான் நமக்கு வீடு. மேல ஃபேன் ஓடாது, போன வாரமே சொல்லியாச்சு. நானே ஏறி சரி பண்ணிருவேன், விடமாட்டேங்காங்க. மின்வாரியத்துல இருபத்திமூணு வருஷம் வயர்மேனா இருந்தவன் நான். எத்தனை கம்பம் ஏறியிருப்பேன்! ஒரு ஃபேனைத் தொடுறதுக்கு பெரியாஸ்பத்திரியில ஏழு பேர்கிட்ட கேக்கணுமாம்.

நன்றியெல்லாம் சொல்லாதீங்க. எனக்கு அது பிடிக்காது. இது நான் உங்களுக்குச் செய்யுததே இல்லை. எனக்குச் செஞ்சாரே ஆண்டவர், அவருக்குத் திருப்பிச் செய்யுதது. அவர் கஞ்சியா குடிக்கப் போறாரு? அதனால உங்களுக்கு ஊத்துதேன். நீங்க எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, எனக்கு அதுல ஒண்ணும் கிடையாது. குடிங்க.

பன்னிரண்டு வருஷமா வாரேன். செவ்வாயும் வெள்ளியும். மழையா இருந்தாலும் சரி, பஸ் ஓடலைன்னாலும் சரி, கொரோனா நேரத்துல இவங்க கேட்டைப் பூட்டினதைத் தவிர ஒரு நாள் விட்டதில்லை. நானும் இந்தக் கதவுக்கு உள்ள கிடந்தவன்தான். மூணாவது கட்டில், ஜன்னல் பக்கம். ஒண்ணேகால் வருஷம். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணிதான் குடிக்கலாம்னு சொல்லிருப்பாங்களே உங்க வீட்டுக்காரருக்கும்? அந்த அரை லிட்டரை வச்சுக்கிட்டு வெயில் காலத்துல நான் பட்டபாடு இருக்கே, குழாயில தண்ணி சொட்டுற சத்தம் கேட்டா அழுதுருவேன். நாப்பத்தஞ்சு வயசு ஆம்பளை.

உங்க மாமியாரா கிட்னி கொடுக்காங்க? அந்தா, தூண் பக்கத்துல சேலைத் தலைப்பைப் போத்திக்கிட்டு உக்காந்திருக்காங்களே, அவங்களா? அடேயப்பா. டாக்டர் எல்லாம் பொருந்துதுன்னு சொல்லிட்டாரா? அப்பக் கவலையை விடுங்க. கொடுத்தவங்க ரொம்பப் பேர் நல்லா இருக்காங்க, என் கண்ணால பாத்திருக்கேன். நான் ஏதாவது சொன்னேன்னு அந்த அம்மாவைப் பயமுறுத்திராதீங்க. என் கதை வேற.

எனக்குக் கொடுத்தது அக்கா. கூடப் பிறந்தவ, அஞ்சு வயசு மூத்தவ. எங்களுக்கு வேற யாரும் கிடையாது. என் வீட்டுக்காரி சுகிர்தாவுக்குச் சர்க்கரை, அவ கொடுக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அம்மா அப்பா ரெண்டு பேரும் போய்ச் சேந்தாச்சு. வேற யார்கிட்ட போய்க் கேக்க? உடம்புல உள்ளதை அறுத்துக் கொடுன்னு வாய்விட்டுக் கேக்கிற காரியமா இது?

ஒரு நாள் மத்தியானம் அக்கா வந்தா. அவ ஊர் இங்கேயிருந்து பஸ்ஸுல ஒண்ணரை மணி நேரம். அங்க பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறவ. பிள்ளைகளுக்குப் போட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவுத்துட்டு பஸ் ஏறியிருக்கா. கையில ஒரு கட்டு முருங்கைக்கீரை. வந்து உக்காந்து கீரையை உருவிக்கிட்டே சொல்லுதா, "எலே, எனக்கு ரெண்டு இருக்குல்லா, ஒண்ணை நீ வச்சுக்கோ." ரெண்டு குடம் இருக்கு, ஒண்ணை எடுத்துட்டுப் போன்னு சொல்லுத மாதிரி. சுகிர்தா அடுப்படியில நின்னு அழுதா. அக்கா அவளை ஏசினா, "கீரையில உப்பைப் போடச் சொன்னா கண்ணீரையா விடுத?"ன்னு.

அத்தானுக்கு, அதான் அக்கா வீட்டுக்காரருக்கு, சம்மதமில்லை. புருஷன் கையெழுத்து இல்லாம ஆபரேஷன் செய்யமாட்டாங்க. அவர் கோபக்காரரு. கோயில் பக்கமே வரமாட்டாரு, கோயில்னா எங்க சர்ச்சு, வயல் உண்டு, மாடு உண்டுன்னு இருக்கிற ஆளு. ஒரு வாரம் அக்காகூடப் பேசவே இல்லையாம். பிறகு என்ன நினைச்சாரோ, வந்து கையெழுத்துப் போட்டாரு. போட்டுட்டு என்னை வராந்தாவுக்குக் கூட்டிட்டுப் போய், "மாப்ளே, அவளுக்கு நாளைப்பின்ன ஒண்ணுன்னா நீதான் நிக்கணும்"னு சொன்னாரு. நான் அவர் கையைப் பிடிச்சேன். "அத்தான், என் கண்ணு மாதிரிப் பாத்துக்கிடுவேன்"னு சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

ஆபரேஷன் மதுரையில. அக்காவைத்தான் முதல்ல உள்ள கொண்டு போனாங்க. என்னைத் தாண்டிப் போகுத நேரத்துல என்ன சொன்னான்னு நினைக்கீங்க? "பசிக்குடே"ன்னா. முந்தின நாள்ல இருந்து ஒண்ணும் கொடுக்கலைல்லா. அதைக் கேட்டுச் சிரிச்சுக்கிட்டேதான் நான் மயங்கினேன். கண்ணு முழிச்சா பக்கத்துல பையில மூத்திரம் ஓடுது. உங்களுக்குச் சிரிப்பா இருக்கும். எனக்கு அது மஞ்சளா ஓடுததைப் பாத்ததும் தங்கம் ஓடுத மாதிரி இருந்தது.

ஆறு மாசம் வீட்டை விட்டு வெளிய போகக் கூடாதுன்னு வச்சிருந்தாங்க. அது முடிஞ்ச பிறகு எங்க சபையில ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. நன்றி சொல்லுத பண்டிகை. எங்க வழக்கத்துல, பெரிய ஆபத்துல இருந்து தப்பிச்சவங்க அன்னைக்கு எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு நின்னு நடந்ததைச் சொல்லணும். சாட்சி சொல்லுததுன்னு பேரு. ஐயர் என்னைச் சொல்லச் சொன்னாரு. ஐயர்னா நீங்க நினைக்கிற ஐயர் இல்லைம்மா, எங்க பாதிரியாரை நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்.

நான் எழுதி வச்சுக்கிட்டேன். மேடையில பேசிப் பழக்கமில்லைல்லா. ரெண்டு பக்கம். எங்க ஜெபக்குழுத் தலைவர் கிளாட்சன் அண்ணாச்சிகிட்ட காட்டினேன். அவர் படிச்சுட்டு, "நல்லா இருக்கு, ஆனா உங்க அக்கா அக்கான்னு ஆறு இடத்துல வருதே. சாட்சியில மனுஷருக்கு மகிமை போகக் கூடாது. அவங்களைக் கொண்டு கொடுக்க வச்சது யாரு?"ன்னு கேட்டாரு. நியாயம்தானே? நான் அதையெல்லாம் அடிச்சேன். அடிச்ச இடம் வெறுமையா நின்னது, அங்க என்ன சொல்லுததுன்னு தெரியலை. அண்ணாச்சிதான் எடுத்துக் கொடுத்தாரு.

எங்க வேதத்துல ஒரு கதை உண்டு. ஒரு தகப்பன், ஆண்டவர் கேட்டாருன்னு பெத்த மகனைப் பலி கொடுக்க மலைக்குக் கூட்டிட்டுப் போவாரு. கத்தியை ஓங்கின நேரத்துல நிறுத்துன்னு சத்தம் வரும். திரும்பிப் பாத்தா முட்புதர்ல ஒரு ஆட்டுக்கடா கொம்பு மாட்டி நிக்கும். மகனுக்குப் பதிலா அதைப் பலி கொடுத்துட்டு வருவாரு. அந்தக் கதையை என் கதையோட சேத்தாச்சு. அன்னைக்கு மைக்கைப் பிடிச்சு நான் சொன்னேன், "சாவு என் கழுத்துல கத்தியை வச்ச நேரத்துல, கர்த்தர் எனக்காக ஒரு ஆட்டுக்கடாவை முட்புதர்ல ஆயத்தம் பண்ணி வச்சிருந்தாரு!" கோயிலே அழுததும்மா. நான் நல்ல குரல்காரன். கம்பத்து மேல இருந்து கீழ நிக்கிறவனுக்குக் கேக்கணும்னு கத்திப் பழகின குரல்.

அக்கா பொம்பளைங்க பக்கம் மூணாவது வரிசையில இருந்தா. அவளே எடுத்த புதுச்சேலை, நீலம். இடுப்புல கையை முட்டுக் கொடுத்து உக்காந்திருந்தா. முடிஞ்சதும் வெளிய வேப்பமரத்தடியில வந்து, "நல்லாப் பேசினடே"ன்னா. பிறகு, "கடைசியில என்னை ஆட்டுக்கடா ஆக்கிட்டியே"ன்னு சிரிச்சா. நானும் சிரிச்சேன். ரெண்டு பேரும் நல்லாச் சிரிச்சோம்.

வீட்டுக்கு வந்த பிறகு சுகிர்தா சொன்னா, "மைனி பேரை ஒரு தடவை சொல்லியிருக்கலாம்லா?" அக்காவை அவ மைனின்னுதான் கூப்பிடுவா. நான், "உனக்கு விசுவாசத்துல இன்னும் வளர்ச்சி போதாது"ன்னு சொல்லிட்டேன்.

அப்புறம்தான் இந்தக் கஞ்சி. உயிரைத் திருப்பிக் கொடுத்தவருக்கு நான் என்ன கொடுக்க? மூணாவது கட்டில்ல கிடக்கும்போது சுகிர்தா இந்த பெஞ்சுல பச்சைத் தண்ணியும் இல்லாம நாலு மணி நேரம் இருப்பா. அது ஞாபகம் வந்தது. சரி, நோயாளிக்குத்தான் எல்லாரும் செய்வாங்க, நாம கூட வந்தவங்களுக்குச் செய்வோம்னு ஆரம்பிச்சேன். இன்னைக்கு வரைக்கும் இந்தப் பாத்திரத்தை வேற யார் கையிலயும் கொடுத்ததில்லை.

என் சாட்சியைக் கேள்விப்பட்டு மத்த சபைகள்ல கூப்பிட்டாங்க. சாயர்புரம் பக்கம், நாசரேத் பக்கம், மதுரை, ஒரு தடவை கோயம்புத்தூர் வரைக்கும் போயிருக்கேன். அறுபது கோயில் இருக்கும். எனக்குப் பெருமை பிடிக்காது, அதனால எண்ணுததில்லை. அறுபத்திமூணோ என்னமோ. எல்லா இடத்துலயும் ஆட்டுக்கடாவைச் சொல்லும்போதுதான் ஜனங்க அழுவாங்க.

அக்காவா? அவளுக்கு அந்தப் பெரிய சோத்துப் பானையை இறக்க முடியலை. தையல் போட்ட இடத்துல சுருக் சுருக்னு வலிக்குன்னு அடுத்த வருஷமே வேலையை விட்டுட்டா. நான் போய்ப் பாக்கணும்னுதான் நினைப்பேன். முதல்ல கூட்டத்துல போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. பிறகு செவ்வாயும் வெள்ளியும் இங்க, ஞாயிறு ஏதாவது கோயில்ல சாட்சி, திங்களும் வியாழனும் அரிசி, பொரிகடலைன்னு அலைச்சல். அவதான் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வருவா. வந்த உடனே, "மாத்திரை போட்டியா?"ன்னு கேப்பா. காலையில எட்டு, சாயங்காலம் எட்டு, அவளுக்கு மனப்பாடம்.

அவ என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அம்மா, கேக்கீங்களா? தூக்கம் வந்தா தூங்குங்க. இல்லையா? சரி.

"எங்க ஊர்க் கோயில்ல ஒருதடவை வந்து சாட்சி சொல்லுடே"ன்னு கேட்டா. "அவரையும் கூட்டிட்டு வாரேன். அவரும் கேக்கட்டும்"னா. மூணு கிறிஸ்துமஸுக்குக் கேட்டா. நான், அத்தானைக் கோயிலுக்குள்ள கொண்டு வரப் பாக்கான்னுதான் நினைச்சேன். நல்ல காரியம்தானே. ஆனா அது சின்னக் கோயில், அறுபது எழுபது பேர் வந்தா ஜாஸ்தி. பெரிய இடத்துல எல்லாம் தேதி கேட்டு நிக்காங்க. அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு தள்ளினேன்.

கடைசியில போனேன். நாலு வருஷத்துக்கு முன்னால, அவங்க ஊர் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு. நீங்க அந்த ஏற்பாட்டைப் பாத்திருக்கணும். வீட்டுக்கு வெள்ளையடிச்சிருக்கா. தெருவுல ஒருத்தர் பாக்கி இல்லாம, "என் தம்பி வாரான், என் தம்பி வாரான்"னு சொல்லி வச்சிருக்கா. அத்தான் வெள்ளை வேட்டி கட்டிக் கோயிலுக்குள்ள உக்காந்திருக்காரு! கல்யாணத்துக்கு அப்புறம் அன்னைக்குத்தான் உள்ள வந்தாராம். அவர் கூடப்பிறந்தவங்க, மச்சினிமாரு எல்லாரும் ஒரே வரிசையில. அக்கா அதே நீலச்சேலை. முன்வரிசையில இருந்தா. அவ எப்பவும் முன்வரிசையில இருக்கமாட்டா.

சொன்னேன். என் வாயில சாட்சி அன்னைக்கு வந்த மாதிரி எங்கயும் வந்ததில்லைம்மா. கத்தி, கழுத்து, முட்புதர், ஆட்டுக்கடா. நான் அந்த இடத்துக்கு வரும்போது அக்கா என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. கொஞ்சம் முன்னால சாஞ்சு இருந்தா. பள்ளிக்கூடத்துல வாத்தியார் பரிசு வாசிக்கும்போது அடுத்து நம்ம பேருதான்னு பிள்ளைக இருக்குமே, அப்படி. நான் ஆட்டுக்கடாவைச் சொல்லி, கர்த்தருக்கே மகிமைன்னு முடிச்சு உக்காந்தேன். ஜனங்க ஆமென் சொன்னாங்க. அத்தான் எந்திரிச்சு வெளிய போயிட்டாரு.

மத்தியானம் அவ வீட்டுல சாப்பாடு. ஆட்டுக்கறி, மொச்சைக்கொட்டைக் குழம்பு. அத்தான் வரலை, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாருன்னு சொன்னா. அவ எனக்குப் பரிமாறினா. "என்னக்கா, எப்படி இருந்தது?"ன்னு கேட்டேன். "சோறு இன்னும் கொஞ்சம் வச்சுக்கோ"ன்னா. பஸ் ஏறும்போது தூக்குவாளியில குழம்பு தந்து விட்டா. அன்னைக்கு அவ சிரிக்கலை. நான் பஸ்ஸுல வரும்போது யோசிச்சேன், ஒருவேளை அத்தான் எந்திரிச்சுப் போனது அவளுக்கு வருத்தமா இருக்கும்னு.

பிறகுதான் சுகிர்தா எனக்கு விவரம் சொன்னா. அந்த ஊர்ல, அத்தான் வீட்டு ஆட்கள் எல்லாம், "தம்பிக்கு அறுத்துக் கொடுத்தியே, அவன் வாயில உன் பேர் ஒருநாள் வந்திருக்கா? ஏமாந்த சிறுக்கி"ன்னு சொல்லுவாங்களாம். அத்தானே சொல்லுவாராம். அவ பதிலுக்கு, "அவன் வந்து சொல்லுவான், நீங்க கேப்பீக"ன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கா. எட்டு வருஷம். எனக்கு எப்படித் தெரியும்? என்கிட்ட நேரா, "என் பேரைச் சொல்லுடே"ன்னு சொல்லியிருக்கலாம்லா? அதைக் கேட்டு வாங்குவாளா அவ? கேக்கமாட்டா. அவ குணம் அப்படி.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவ வரலை. அடுத்ததுக்கும் வரலை. போன் பண்ணினா அவ மகன் ஐசக் எடுப்பான், "அம்மா படுத்திருக்காங்க மாமா"ம்பான். இந்தக் கஞ்சி ஊழியத்துக்குப் பத்து வருஷம்னு சபையில ஒரு கூட்டம் வச்சாங்க. அதுக்கும் வரலை. எனக்கு ஆத்திரமா வந்தது, மறைக்கலை. எல்லார் வீட்டு ஆட்களும் வந்திருக்காங்க, என் அக்கா வரலை. சால்வை போடுதாங்க, என் கண்ணு வாசலையே பாக்குது. அப்படி என்ன செஞ்சுட்டேன் நான்? வைராக்கியம் பிடிச்சவள்னு மனசுக்குள்ள ஏசினேன். நானும் போன் பண்ணுததை விட்டுட்டேன்.

போன வருஷம் டிசம்பர்ல ஒரு வெள்ளிக்கிழமை. இதே இடம். நான் இந்தப் பக்கத்துல இருந்து ஒவ்வொருத்தரா ஊத்திக்கிட்டு வாரேன். இந்த பெஞ்சோட அந்தக் கடைசியில ஒரு பெரியவர் தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தாரு. டம்ளரை நீட்டினேன். "ஐயா, சூடா இருக்கு, பாத்துப் பிடிங்க"ன்னேன். தலையைத் தூக்கினாரு. அத்தான்.

கை நீட்டலை. டம்ளரையும் என்னையும் பாத்தாரு. "எனக்கு வேண்டாம், உள்ள இருக்கிறவளைப் போய்ப் பாரு"ன்னாரு. நான், யாரு அத்தான், யாரு அத்தான்னு கேக்கேன். அவர் மறுபடி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

ஏழாவது கட்டில்ல கிடந்தா. கை ரெண்டும் வீங்கி, முகம் ஊதி, எனக்கு அடையாளமே தெரியலை. ரத்தக் கொதிப்பு வந்திருக்கு, மாத்திரை ஒழுங்கா சாப்பிடலை, மிச்சம் இருந்த ஒண்ணும் போயிருச்சு. டாக்டரைக் கேட்டேன். கொடுத்ததால இல்லை, ரெண்டும் இருந்திருந்தாலும் இது வந்திருக்கலாம்னு சொன்னாரு. இருந்தா கொஞ்ச நாள் கூடத் தாங்கியிருக்குமான்னு கேட்டேன். அவர் அடுத்த கட்டிலைப் பாக்கப் போயிட்டாரு.

அக்கா என்னைப் பாத்ததும் பதறிட்டாம்மா. ஏதோ திருடி மாட்டின மாதிரி. "இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா? நேத்து லீவுன்னு இன்னைக்கு மாத்திட்டாங்கடே, நான் வெள்ளிக்கிழமை வரமாட்டேன்"ன்னு சொல்லுதா. எனக்கு ஒண்ணும் விளங்கலை. அங்க இருந்த சிஸ்டர் பிறகு சொல்லிச்சு. நாலு மாசமா வந்துக்கிட்டு இருக்கா, திங்களும் வியாழனும். முதல் நாளே கேட்டு வாங்கியிருக்கா. "செவ்வாய் வெள்ளி வேண்டாம்மா, கஞ்சி கொண்டு வார தம்பி ஒருத்தன் இருக்கான், என்னைப் பாத்தா மனசு விட்டுருவான், அவன் உடம்பு தாங்காது"ன்னு சொன்னாளாம். தம்பின்னா பொதுவா சொல்லுதாங்கன்னு அந்த சிஸ்டர் நினைச்சிருக்கு.

நாலு மாசம். நான் உக்காருத இதே பெஞ்சுல அத்தான் ஒண்ணும் குடிக்காம உக்காந்திருக்காரு, திங்களும் வியாழனும்.

இருங்கம்மா. ஒண்ணுமில்லை. தண்ணி வேண்டாம், எனக்கு இருக்கு.

நான் என்ன செஞ்சேன்னு கேளுங்க. அவ கட்டில் பக்கத்துல நிக்கேன். வாய் வரைக்கும் வருது. என்னமோ ஒண்ணு வருது. அதை எப்படிச் சொல்லுததுன்னு தெரியலை. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அவ தலையில கையை வச்சேன், ஜெபம் பண்ணினேன். சத்தமா. கர்த்தர் எனக்குச் செஞ்ச எல்லாத்துக்கும் நன்றி சொன்னேன். ஜீவனுக்காக நன்றி, சுகத்துக்காக நன்றி, டாக்டருக்காக நன்றி, நர்சுக்காக நன்றி, மிஷினுக்காகக் கூட நன்றி சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரங்க எல்லாம் ஆமென் சொன்னாங்க. அக்காவும் சொன்னா.

சொல்லிட்டு, அந்த வீங்கின கையைத் தூக்கி, இந்தா இங்க, என் அடிவயித்துல வலது பக்கம் வச்சா. சட்டைக்கு மேலதான். பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கான்னு தொட்டுப் பாப்போமே, அப்படி. "நல்லாருக்காடே?"ன்னு கேட்டா. என்னைக் கேக்கலை பாத்துக்கிடுங்க. உள்ள இருக்கிறதைக் கேக்கா. நான், "கர்த்தர் நல்லவருக்கா"ன்னேன். அவ தலையை ஆட்டினா. "போ, கஞ்சி ஆறிரும், வெளிய காத்துக்கிட்டு இருப்பாங்க"ன்னா. வந்துட்டேன். வந்து மிச்சக் கஞ்சியை ஊத்தினேன்.

ஜனவரி நாலாம் தேதி போயிட்டா. அதுக்கு இடையில நான் ஏன் போய்ப் பாக்கலைன்னு கேக்காதீங்க. கிறிஸ்துமஸ் நேரம், ஊழியம் கூடுதல். பொங்கலுக்குப் போவோம், உக்காந்து நிதானமாப் பேசுவோம்னு இருந்தேன். சத்தியமா இருந்தேன்.

அடக்க ஆராதனைக்குப் போற பஸ்ஸுல ஒரு தாள் வாங்கி எழுதினேன். ஒரே வரி. அதுல ஆட்டுக்கடா கிடையாது. கிளாட்சன் அண்ணாச்சிகிட்ட காட்டலை. எனக்கு நிச்சயமாத் தெரியும், எங்க வழக்கத்துல அடக்கத்துக்கு முன்னால குடும்பத்துல யாராவது ரெண்டு வார்த்தை சொல்லலாம். அந்த ஊர் முழுக்க உக்காந்திருக்கு. அத்தான் வீட்டு ஆட்கள் எல்லாரும் அதே வரிசையில. பெட்டி நடுவுல இருக்கு. ஐயர் என்னைத்தான் பாத்தாரு, அவருக்கு என்னைத் தெரியும்லா. "குடும்பத்துல யாராவது பேசுறீங்களா?"ன்னு கேட்டாரு. நான் எந்திரிச்சேன். முழங்கால் நிமிரலை, அதுக்குள்ள ஐசக் எந்திரிச்சு, "எங்க குடும்பத்துல யாரும் பேசலை ஐயா"ன்னுட்டான். மரியாதையாத்தான் சொன்னான். என் பக்கம் திரும்பலை.

உக்காந்துட்டேன். அடுத்த பாட்டுக்குப் போயிட்டாங்க.

எனக்கு வலிச்சுதும்மா. அந்தக் குடும்பத்துல நான் இல்லையாம். அவ உடம்பே என் உடம்புக்குள்ள இருக்கு, அவளை இறக்கின குழி வேறயே தவிர அவ இன்னும் மூத்திரம் பெய்யுதா எனக்குள்ள. அதைவிட என்ன குடும்பம் வேணும்? என் பக்கத்து நியாயத்தை ஒருத்தரும் கேக்கலை. பன்னிரண்டு வருஷம், எத்தனை ஆயிரம் டம்ளர் கஞ்சி, முகம் தெரியாத எத்தனை பேரு. எல்லாம் நன்றியிலதானே செஞ்சேன்? நன்றி இல்லாதவன்னு என்னைச் சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்க.

அதுக்கப்புறம் யார் கூப்பிட்டாலும் சாட்சி சொல்லப் போகுததில்லை. தொண்டை சரியில்லைன்னு சொல்லிருதேன். கஞ்சி மட்டும் கொண்டு வாரேன். இதையும் விட்டுட்டா நான் என்ன செய்ய?

என்னது? பேரா? யார் பேரு, அக்கா பேரா?

சொல்லலையா நான்? இவ்வளவு நேரமாவா? அக்கா அக்கான்னே சொல்லிக்கிட்டு இருந்தேனா? இல்லையே, நடுவுல எங்கயோ சொல்லியிருப்பேனே. சொல்லலையா?

தங்கபுஷ்பம்.

ஆமாம்மா. தங்கபுஷ்பம். எனக்குக் கிட்னி கொடுத்தது என் அக்கா தங்கபுஷ்பம். இவ்வளவுதான், அந்தத் தாள்ல இருந்ததும் இதுதான். வாய்விட்டு ஒருத்தர்கிட்ட சொல்லுதது இதுதான் முதல் தடவை. உங்ககிட்ட சொல்லி என்ன செய்ய, நீங்க அந்த ஊர்க்காரியும் இல்லையே.